திரையில் தெரியும் டிஸ்க் பெயரை அப்படியே நம்பாதீர்கள்

ஒரு லினக்ஸ் சர்வரில் ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) போதவில்லை என்று புதிதாக ஒரு டிஸ்க் மாட்டினேன். ஏற்கெனவே எஸ்டிஏ, எஸ்டிபி (sda, sdb) என்ற பெயர்களில் இரண்டு டிஸ்க் இருப்பதால் புதியது எஸ்டிசி-யாகத்தான் வரும் என்று நானே முடிவு செய்துகொண்டு, ரீபூட் முடிந்ததும் அதன்மேல், டிஸ்க்கை ஸ்வாப்பாக மாற்றும் எம்கேஸ்வாப் (mkswap) கட்டளையைத் தட்டிவிட்டேன். என்டர் அழுத்துவதற்கு முன்னால் ஏதோ தோன்றி, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) ஓட்டிப் பார்த்தால், எஸ்டிசி-யின் அளவு 2 டிபி. நான் மாட்டியது 500 ஜிபி! இரவில் மட்டும் மவுன்ட் ஆகும் (அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்படும்) பேக்கப் டிஸ்க் அது. மவுன்ட் ஆகியிருந்தால் எம்கேஸ்வாப் மறுத்திருக்கும். ஆகாததால், பழைய ஃபைல் சிஸ்டத்தின் அடையாளத்தை அழிக்கிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, எதுவும் கேட்காமல் அழித்திருக்கும்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எந்த டிஸ்க்கை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு முதல் எழுத்தான ஏ, அவ்வளவுதான். அடுத்த ரீபூட்டில் வரிசை மாறினால் எழுத்தும் மாறும். அதனால் இப்போதெல்லாம் மாடல், சீரியல் எண் இரண்டையும் எல்எஸ்பிஎல்கே-யில் சேர்த்துக் காட்டச் சொல்லிப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை.

எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் வசதி) இருந்தால் குழப்பம் வேறு மாதிரி. ஸ்வாப் பட்டியலைக் கேட்டால் பெரும்பாலும் டிஎம்-1 என்று மொட்டையாக ஒரு பெயர் வரும், எல்எஸ்பிஎல்கே-யில் அதே வால்யூம் நாம் வைத்த பெயரோடு நிற்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து ஒன்றை அணைக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். டெவ் மேப்பர் (/dev/mapper) டைரக்டரியை நீளப் பட்டியலாகப் பார்த்தால் எந்தப் பெயர் எந்த டிஎம் எண்ணுக்குப் போகிறது என்று தெரிந்துவிடும்.

சரி, பூட்டில் எவற்றை இணைப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில், பெயருக்குப் பதில் யூயூஐடி (UUID என்ற தனித்த அடையாள எண்) போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். அதே பார்ட்டிஷனில் மறுபடி எம்கேஸ்வாப் ஓட்டினால் யூயூஐடி புதிதாகிவிடும், எஃப்எஸ்டேப்-இல் இருப்பதோ பழையது. அடுத்த பூட்டில், எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி (systemd), இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருக்கும், பிறகு ஸ்வாப் இல்லாமலேயே மேலே வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பழைய யூயூஐடியையே யூ (-U) ஆப்ஷனில் கொடுத்து எம்கேஸ்வாப் ஓட்டலாம். டெபியன், உபுண்டுவில் ரெஸ்யூம் அமைப்பிலும் (ஹைபர்னேட்டிலிருந்து எந்த ஸ்வாப்பைக் கொண்டு மீள்வது என்று சொல்வது) பழைய யூயூஐடி ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதையும் திருத்தி, பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் சிறு ஃபைல் சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம், டிஸ்க் ட்ரேயில் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டியது அந்த 2 டிபியில்தான் முதலில்.