சிஆர்பி: அந்த 'சி' எங்கிருந்து வந்தது?

கொரோனா காலத்து ரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் டி-டைமர், ஃபெரிட்டின் ஆகியவற்றோடு சிஆர்பி என்றும் ஒரு வரி இருக்கும். 'சி-ரியாக்டிவ் புரோட்டீன்' என்பதன் சுருக்கம் அது. இந்த 'சி'க்கும் கோவிட்டுக்கும் தொடர்பில்லை. வைட்டமின் சி-யும் இல்லை.

1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியை ஆராய்ந்தார்கள். அதிலிருந்து பிரித்த ஒரு கூட்டுச்சர்க்கரைக்கு 'சி பகுதி' என்று பெயர். நோய் கடுமையாக இருப்பவர்களின் ரத்த ஊநீரில் (சீரம்) அதைக் கலந்தால் வீழ்படிவு உண்டானது. குணமான பிறகு எடுத்த ஊநீரில் உண்டாகவில்லை. 'சி'யோடு வினைபுரிந்த அந்தப் பொருள் ஒரு புரதம் என்பது 1941இல்தான் தெளிவானது.

உடலில் அழற்சி (தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் வீக்கம், சூடு போன்ற விளைவு) தொடங்கியதும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருள் கல்லீரலைத் தூண்ட, அது சிஆர்பியைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். அழற்சி அடங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். நோயின் போக்கை இவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்வதால்தான் இது நல்ல உயிர்க்குறிப்பான் (உடல்நிலையைக் காட்டும் அளவீடு). ஆனால் அழற்சி எங்கே, எதனால் என்று இது சொல்லாது.

சாதாரண வைரஸ் சளிக்காய்ச்சலில் இது பொதுவாக அதிகம் ஏறாது. கோவிட் முற்றியவர்களில் பலருக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து, சிஆர்பி லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களைத் தேர்ந்து, ஒரு பிரிவினருக்கு டோசிலிசுமாப் என்ற மருந்தையும் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். இந்த மருந்தும் பெற்றவர்களில் 31 சதவீதம். இன்டர்லூக்கின்-6இன் வேலையைத் தடுக்கும் மருந்து இது. அதனால் இதைப் போட்ட பிறகு சிஆர்பி இறங்கினால், அதை வைத்து மட்டும் நோய் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது.

சரி, தமிழில்? 'சி-எதிர்வினைப் புரதம்' புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 'எதிர்' என்றதும் எதிர்ப்பொருள் என்று நினைக்கத் தோன்றும். எதிர்ப்பொருள் குறிப்பிட்ட கிருமிக்கென உருவாவது. சிஆர்பி எந்த அழற்சிக்கும் ஏறும். பள்ளி வேதியியலில் 'வினைபடு பொருள்' என்று படித்திருக்கிறோமே, அதையொட்டி 'சி-வினைபடு புரதம்' என்பேன்.

அப்புறம், அறிக்கையில் அலகையும் பாருங்கள். சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் தருகின்றன, அங்கே 7.5 என்றிருந்தால் அது லிட்டருக்கு 75.