ஓடுகிற ரயிலில் கரன்ட் போவது ஏன்?

திருவொற்றியூரில் ஏறி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டை என்று வடக்கே போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். மின்சார ரயில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே விளக்குகள் பொட்டென்று அணையும், மின்விசிறியின் சத்தம் அடங்கும். "கரன்ட் போச்சு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். இது மின்வெட்டு இல்லை. அந்த இடத்தில் மேலே போகும் கம்பியில் மின்சாரம் வேண்டாம் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

அத்திப்பட்டுப் பக்கம் தெரிகிற அனல் மின்நிலையம் போன்ற இடங்களில் மின்சாரம் மூன்று பேஸாகத்தான், அதாவது ஒன்றுக்கொன்று நேரம் தள்ளி ஏறி இறங்கும் மூன்று வரிசைகளாகத்தான், பிறக்கிறது. ஒரே உரலில் மூன்று பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் வேகம் ஒன்றுதான், நொடிக்கு 50 முறை. ஆனால் ஒருத்தி உலக்கை இறங்கும்போது இன்னொருத்தியுடையது ஏறிக்கொண்டிருக்கும்.

ரயிலுக்கோ மேலே ஒரே கம்பி. அதில் 25,000 வோல்ட் வந்து, மோட்டாரைச் சுழற்றிவிட்டு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்புகிறது. பாதை முழுவதையும் ஒரே பேஸில் கட்டிவிட்டால் ஒருத்தியே எல்லா நெல்லையும் குத்த வேண்டிவரும். அதனால் ஒரு பகுதிக்கு ஒரு பேஸ், அடுத்த பகுதிக்கு வேறொன்று.

சரி, இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில்? ரயிலின் கூரையில் இருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பெண்டோகிராஃப் இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் உலக்கைகள் மோதின மாதிரிதான். இடையில் 43,000 வோல்ட் வரை வித்தியாசம் இருக்கலாம், கம்பியே உருகிவிடும். அதனால்தான் நடுவில் உயிரில்லாத ஒரு துண்டு.

கம்பியில்தான் மின்சாரம் இல்லையே, டிரைவர் எதற்குத் தனியாக சுவிட்சை அணைக்க வேண்டும்? மோட்டார் முழு மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டிருக்கும்போது கம்பியை விட்டு விலகினால் பெரிய தீப்பொறி கிளம்பும். அந்தப் பொறியே அடுத்த கம்பி வரை நீண்டு பாலம் போட்டுவிடும். ஆகவே 500 மீட்டர், 250 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகைகள். டிரைவர் அணைத்துவிடுவார், வண்டி ஓடி வந்த வேகத்திலேயே கடக்கும். அங்கேயே நின்றுபோனால் மறுபடி கிளம்ப மின்சாரம் கிடைக்காது என்பதால், சிக்னலுக்குப் பக்கத்திலோ ஏற்றத்திலோ இதை முடிந்தவரை வைப்பதில்லை.

அடுத்த முறை விளக்கு அணைந்ததும் மின்விசிறியை நிமிர்ந்து பாருங்கள். கரன்ட் இல்லாமலே சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியைப் போலவே.