துப்புரவுயிர்: ‘க்ளீனப் க்ரூ’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

பெங்களூரில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர் காதில் அடிக்கடி விழும் சொல் ‘க்ளீனப் க்ரூ’. சிவாஜிநகர்ப் பக்கம் கடைக்காரர் உருதுவில் பேசினாலும் கன்னடத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் இந்தச் சொல் மட்டும் மாறாது. “தொட்டி வெச்சு எத்தனை வாரம் ஆச்சு? கண்ணாடியில பழுப்பு பிடிச்சிருக்கா? அப்போ க்ளீனப் க்ரூ போட்டுடுங்க சார்” என்பார்.

பவளப்பாறைத் தொட்டியில் கண்ணாடியில் படியும் பாசி, பாறை இடுக்கில் தங்கும் கசடு, மீன் தின்னாமல் விட்ட தீனி ஆகியவற்றைத் தின்று வாழும் சிறு பிராணிகளுக்குத்தான் அந்தப் பெயர். நத்தை, துறவி நண்டு, சில இறால்கள், கடல் முள்ளெலி, நொறுங்கு நட்சத்திரம் எல்லாம் அதில் அடங்கும். எதற்கும் முதுகெலும்பு கிடையாது.

அல்சூரில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பள்ளியில் தமிழ் இரண்டாம் மொழி. எங்கள் வீட்டுத் தொட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தவள் பாதியில் நிமிர்ந்து, “மாமா, க்ளீனப் க்ரூவுக்குத் தமிழ்ல என்ன?” என்று கேட்டாள். பத்து வருடமாகக் கடல்தொட்டி வைத்திருக்கிறேன், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த தேடல் இது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் ‘க்ரெஸ்கெரே’ என்றால் வளர்தல். அதன் வழியாகப் பழைய பிரெஞ்சில் பெருக்கம், கூடுதல் என்ற பொருளில் ஒரு சொல் உண்டானது. 15ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்தபோது, களத்தில் இருக்கும் படைக்கு உதவியாகக் கூடுதலாக அனுப்பப்படும் துணைப்படையைக் குறித்தது. கூடி வேலை செய்யும் ஆட்கள், கப்பலாட்கள் என்ற பொருளெல்லாம் அப்புறம் வந்தவை. பிறை நிலாவைச் சொல்லும் ‘க்ரெசென்ட்’ இதற்கு உடன்பிறப்பு.

ஆக, ‘இன்னும் ஆள் அனுப்பு’ என்ற நினைப்பு அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் தொட்டி 200 லிட்டர். ஒரு காலனுக்கு ஒரு நத்தை என்று ஒரு கடையில் கணக்குச் சொன்னார்கள். ஒரு காலன் சுமார் 3.8 லிட்டர், அப்படியானால் ஐம்பது நத்தை. ஐம்பதையும் வாங்கி வந்து விட்டேன். இரண்டு வாரத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆனது, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஐந்தாவது வாரம் மணலில் காலி ஓடுகள் கிடந்தன. செத்த நத்தையின் நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையாக மாறியிருந்தது, அதாவது தொட்டியில் அம்மோனியா ஏறிவிட்டது. அந்த நத்தைகளுக்கு நோய் ஒன்றும் இல்லை. பாசி தீர்ந்துபோய்ப் பட்டினியில் செத்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் சங்கடப்படுகிறது.

அதன் பிறகு ஒரு நாள் ராத்திரி, விளக்கெல்லாம் அணைந்த பின் அம்மா டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தையை வெளியிலிருந்து பார்த்தால் அதன் வாய் திறந்து மூடுவது நன்றாகத் தெரியும். அரம் போன்ற சின்ன நாக்கு வெளியே வந்து பாசியை ஒரு வழிப்பு வழித்துவிட்டு உள்ளே போகும். தலை கொஞ்சம் திரும்பும், மறுபடி ஒரு வழிப்பு. அது போன தடம் நெடுக, பழுப்புப் படலத்தின் நடுவே வளைந்து வளைந்து ஒரு கோலம் விழுந்திருக்கும். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது எங்கடா சுத்தம் பண்ணுது? சாப்பிட்டுட்டுல்ல இருக்கு” என்றார்.

எனக்கு விஷயம் புரிந்தது அப்போதுதான். நத்தை தின்ற பாசி எங்கேயும் போய்விடுவதில்லை. கொஞ்சம் அதன் உடம்பாகிறது, மிச்சம் கழிவாகவும் அம்மோனியாவாகவும் தண்ணீரிலேயே கலக்கிறது. பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டைத் தின்று பாசி மறுபடி முளைக்கும். நாம் தண்ணீர் மாற்றினால், நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியில் சேரும் கறுப்பு நுரையைக் கொட்டினால்தான் அழுக்கு வெளியேறும். சுத்தம் செய்வது நம் கை, அந்தப் பிராணிகளின் பங்கு உண்பது.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் தமிழ்ச் சொல்லைத் தேடினேன். காக்கையை ‘ஆகாயத் தோட்டி’ என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. ஒரு மக்கள் கூட்டத்தைத் தாழ்த்தப் பயன்பட்ட சொல் அது, வேண்டவே வேண்டாம். ‘துப்புரவுப் பணியாளர்’ என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசே அந்தப் பெயரை மாற்றி ‘தூய்மைப் பணியாளர்’ என்று வழங்குகிறது. இங்கே கன்னடத்தில் ‘பௌரகார்மிகர்’, அதாவது நகரத் தொழிலாளர். விடிகாலையில் எங்கள் தெருவைக் கூட்டும் அம்மா உழைத்துச் சம்பளம் வாங்குகிறவர். அவருக்கு விடுப்பும் ஓய்வூதியமும் உரிமையாகச் சேர வேண்டும். அவருடைய பதவியின் பெயரை எடுத்து நத்தைக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘துப்புரவுப் படை’ ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்கு ரொம்பப் பொருத்தம்தான். ஆனால் ஐம்பது நத்தை வாங்கவைத்த நினைப்பே அதுதானே.

‘பணியாளர்’, ‘படை’ இரண்டையும் கழித்தால் ‘துப்புரவு’ மிஞ்சுகிறது. அதைத் தோண்டப் போனபோதுதான் மலைத்துவிட்டேன்.

இன்றைக்குத் துப்புரவு என்றால் சுத்தம். பழந்தமிழில் அதன் பொருளே வேறு. துய்த்தல் என்றால் நுகர்தல், உண்ணுதல். துப்பு என்றால் உணவு. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற 12ஆம் குறளில் துப்பார் உண்பவர், துப்பு அவர் உண்ணும் உணவு. ‘துறந்தார்க்குத் துப்புரவு வேண்டி’ என்று 263ஆம் குறள் தொடங்குகிறது. துறவிகளுக்கு உணவு முதலியவை கொடுத்து உதவுவதைத்தான் அங்கே துப்புரவு என்கிறார் வள்ளுவர். 1050ஆம் குறளின் ‘துப்புர வில்லார்’, நுகர்வதற்கு ஒன்றுமே இல்லாத வறியவர்கள். என் ஐம்பது நத்தைகளும் கடைசியில் துப்புரவில்லாதவை ஆகிவிட்டன.

உண்பது பழைய பொருள், சுத்தம் புதிய பொருள். தின்பதாலேயே கண்ணாடியைத் துலக்கும் பிராணிக்கு இரண்டு பொருளும் ஒன்றாகப் பொருந்துகின்றன. இன்னொன்றும் உண்டு: நிகண்டுகளில் துப்பு என்பதற்குப் பவளம் என்ற பொருளும் இருக்கிறது. அதுவும் உணவைக் குறிக்கும் துப்பும் ஒரே வேர் என்று நான் சொல்ல வரவில்லை. பவளத் தொட்டிக்குச் சொல் தேடியவனுக்கு அது எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம், அவ்வளவுதான்.

அதனால் என் பரிந்துரை ‘துப்புரவுயிர்’. பன்மையில் துப்புரவுயிர்கள். அக்கா மகளுக்கு 263ஆம் குறளைச் சொன்னதும், “அப்போ துறவி நண்டுக்கும் துப்புரவு வேணும்ல மாமா” என்றாள். ஆமாம், வேணும்.

பொதுப்பெயர் மட்டும் போதாது. எது எதைத் தின்னும் என்று தெரிந்தால்தான் ஒழுங்காகத் தேர்ந்தெடுக்க முடியும், அதற்கு மூன்று உட்பெயர்கள் வைத்துக்கொள்ளலாம். பாசியுண்ணி, மட்குண்ணி, மிச்சிலுண்ணி. மட்கு என்பது மட்கிப்போன கசடு. மிச்சில் என்பது உண்டதுபோக மீந்ததைக் குறிக்கும் பழைய சொல், புழக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.

பாசியுண்ணிகளில் டர்போ நத்தைக்கு நல்ல பசி. நீளப் பாசியையும் மேயும், ஆனால் உடம்பு கனம், சரியாக ஒட்டாத பவளத்தைத் தட்டிவிட்டுப் போகும். அஸ்ட்ரியா நத்தை மணலில் மல்லாந்து விழுந்தால் பெரும்பாலும் தானாகத் திரும்பாது, நாம்தான் கைவிட்டுத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் நண்டுக்கு இரை. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் செரித் நத்தை வாங்குங்கள் என்பேன். சின்னது, கூம்பு போல நீண்டது, விழுந்தால் எழுந்துகொள்ளும். பகலில் மணலுக்குள் கிடந்து ராத்திரியில் கண்ணாடி ஏறும், பாசியோடு மணலில் சேரும் மட்கையும் தின்னும். கடல் முள்ளெலி கல்லைச் சுரண்டி எடுத்துவிடும், சின்னத் தொட்டிக்கு அது அதிகம்.

மட்குண்ணிகளில் பேர்போனது கடலட்டை. மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருப்பதைச் செரித்துவிட்டுச் சுத்த மணலை வெளியே விடும். ஆனாலும் அதை வாங்கவே கூடாது. ராமநாதபுரக் கரையில் அளவில்லாமல் பிடித்து அழிந்துபோகும் நிலை வந்ததால், 2001 முதல் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. நம் கடலின் கல் பவளங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. நத்தை, சங்கு வகைகளிலும் சில அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடையில் சரியான இனப்பெயரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள், சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தக் கடை வேண்டாம்.

மிச்சிலுண்ணிக்கு நசாரியஸ் நத்தையைச் சொல்லலாம். அது பாசியைத் தொடாது. மணலுக்கு மேல் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். தீனி வாசம் தண்ணீரில் கலந்த சில விநாடிகளில் மணலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். துறவி நண்டும் மிச்சில் தின்னும், பாசியும் தின்னும், ஓடு சின்னதாகிவிட்டால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டுக்குள் குடியேறும். நான்கைந்து காலி ஓடுகளை மணலில் போட்டுவைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

சுத்தஞ்செய் இறாலைத் துப்புரவுயிர் என்பது பாதிதான் சரி. மீன் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்பதால் வந்த பெயர் அது. பாசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மட்கச் செய்யும் பாக்டீரியாக்களும் இந்தச் சொல்லில் சேராது, அவற்றுக்குச் சிதைப்பவை என்ற பெயர் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் துப்புரவுயிர்கள் சாகும். உப்பளவு சட்டென்று மாறினாலும் தாங்காது. வாங்கி வந்ததும் தொட்டி நீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பையில் இறக்கிப் பழக்கிவிட்டுத்தான் விடுவேன்.

இப்போது அதே 200 லிட்டரில் எட்டு செரித், மூன்று நசாரியஸ், ஒரு துறவி நண்டு. கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் பாசி எப்போதும் இருக்கும், அது அவற்றின் சாப்பாடு என்று விட்டுவைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனபோது, வேலைக்கு இருந்த தம்பியிடம் வேண்டுமென்றே, “பாசியுண்ணி ரெண்டு வேணும்” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “இந்தப் பக்கம் வாங்கண்ணா” என்று நத்தைத் தொட்டிக்கு அழைத்துப்போனார்.