உங்கள் கணக்கில் இருப்பது யாருடைய கைப்பேசி எண்?

எங்கள் கூட்டுறவு வங்கியில் இணையச் சேவை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கணக்கில் பதிந்திருக்கும் கைப்பேசி எண் இப்போது யார் கையில் இருக்கிறது?" பலருக்குச் சட்டென்று பதில் வராது. வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் எண், ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்ட பழைய எண், நகைக்கடன் வாங்கிய அன்று படிவம் நிரப்பிக் கொடுத்தவரின் எண் என்று என்னென்னவோ வெளியே வரும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டின் முதல் நகரக் கூட்டுறவு வங்கி 1904இல் காஞ்சிபுரத்தில் பதிவானது. அந்தக் காலம் தொட்டுக் கூட்டுறவு வங்கிகள் முகப்பழக்கத்தில்தான் வளர்ந்திருக்கின்றன. காசாளருக்கு உறுப்பினரையும் தெரியும், அவர் வீட்டாரையும் தெரியும். பதிவேட்டில் கைப்பேசி எண் தவறாக இருந்தாலும் கவுன்டரில் பணம் எடுப்பதற்கு எந்த இடைஞ்சலும் வந்ததில்லை. ஆனால் யு.பி.ஐ. பதிவும், ஓ.டி.பி.யும், பணம் போனதைச் சொல்லும் குறுஞ்செய்தியும் அந்த எண்ணைத்தான் தேடிப் போகின்றன. அது யார் கையில் இருக்கிறதோ, கணினியைப் பொறுத்தவரை அவரே கணக்குக்காரர்.

கணவரை இழந்த ஓர் அம்மா பாஸ்புக் பதிய வந்தார். இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற கூட்டுக் கணக்கு. அதில் கணவரின் எண் மட்டுமே இருந்தது. அச்சு இயந்திரம் ஒரு பக்கத்தை முடித்து அடுத்த பக்கத்தைக் கேட்டது. வரிக்கு வரி யு.பி.ஐ., யு.பி.ஐ. என்றே இருந்தது. அவர் கையில் இருந்ததோ பொத்தான் போன். "தம்பி, இது என் புத்தகம்தானா, நன்றாகப் பாருங்கள்" என்றார். கணவரின் பழைய கைப்பேசியை, சிம் கார்டோடு, உறவுக்காரர் ஒருவர் எடுத்துப் போயிருந்தார். டெபிட் கார்டு விவரமும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறை பணம் போனபோதும் வங்கி தவறாமல் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. அத்தனையும் பணத்தை எடுத்தவருக்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இறப்பை வங்கிக்குத் தெரிவிப்பதை "காரியமெல்லாம் முடியட்டும்" என்று தள்ளிப்போடும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த இடைவெளிதான் ஆபத்தானது. பயன்பாடு நின்றுபோன எண்ணுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு யாருக்கும் தரமாட்டார்கள். அதற்குப் பிறகு அது முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகலாம். உங்கள் கணக்கு இருப்பும், ஓ.டி.பி.யும் அவர் திரையில் தோன்றும்.

எண் சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. கணக்குக்காரரின் அனுமதியில்லாமல் மின்னணு வழியில் போகும் பணத்துக்கு யார் பொறுப்பு என்று 2017 டிசம்பரில் ரிசர்வ் வங்கி கூட்டுறவு வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன்படி, தவறு வங்கியுடையது என்றால் உறுப்பினருக்கு இழப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, உறுப்பினரிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்கள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் ஏற்க நேரலாம். ஏழு நாட்களையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். நாள் எண்ணிக்கை தொடங்குவதே தகவல் வந்ததிலிருந்துதான். குறுஞ்செய்தி வேறொருவர் கைப்பேசிக்குப் போகிறது என்றால், இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாதாடுவதே பெரும்பாடு.

பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ தானே சொல்லிவிட்டவருக்கு நிலைமை கடினம். வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது முழுவதும் அவர் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இதைத்தான் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். உங்களை யாரும் திட்டப் போவதில்லை, உடனே வாருங்கள்.

ஏமாற்றுக்காரர்களும் நம் முகப்பழக்கத்தை அறிந்தே பேசுகிறார்கள். "சங்கத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் நகைக்கடன் தள்ளுபடிப் பட்டியலில் வந்திருக்கிறது" என்று தொடங்குவார்கள். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனுக்குத் தமிழக அரசு தள்ளுபடி அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருப்பதால், கேட்பவருக்குச் சந்தேகம் வருவதில்லை. அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்று இருக்கும். அது படிவமல்ல, செயலி. நிறுவி, கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை எங்கோ இருப்பவர் படிப்பார். தள்ளுபடி என்றால் பட்டியல் கிளைக்கே வரும்; நேரில் வந்து கேளுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் போடவே தேவையில்லை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சில நாட்கள் சேவையே நின்றுபோகும். 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் ஒரு நிறுவனம் கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானதால், அதை யு.பி.ஐ.யை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் தற்காலிகமாகத் துண்டித்து வைத்தது. கூட்டுறவு வங்கிகள் உட்பட ஏறத்தாழ 300 வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் கூகுளில் "வாடிக்கையாளர் சேவை எண்" தேடாதீர்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் கிளை எண்ணை அழையுங்கள். வங்கிகளின் இணைய முகவரி இப்போது ".பேங்க்.இன்" என்று ஆங்கில எழுத்துகளில் முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்க்கப் பழகுங்கள். இது வங்கிகளுக்கு மட்டும்தான்; தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களும் வங்கிகள் அல்ல. வங்கி நொடித்துப்போனால் கைகொடுக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகைக் காப்பீடும் அவற்றுக்குக் கிடையாது. கூட்டுறவு வங்கிகளுக்கு அந்தக் காப்பீடு உண்டு என்றாலும், மோசடியில் போன பணத்தை அது ஈடுகட்டாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற அரசு உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் முடக்க அதுதான் வழி. பிறகு கிளைக்கு வந்து எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் வங்கி முத்திரை, தேதி, நேரம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வங்கியில் எவ்வளவு தெரிந்தவர் இருந்தாலும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வீடு திரும்ப வேண்டாம். பின்னால் பொறுப்பு யாருடையது என்று கணக்குப் பார்க்கும்போது, எத்தனை மணிக்குத் தெரிவித்தீர்கள் என்பதற்கு அந்த நகல்தான் சாட்சி.