எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் கணக்கில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

தேர்ச்சி அட்டையில் கணக்குக்கு 62 என்று போட்டிருந்தால், பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று பெற்றோருக்கு ஒன்றும் விளங்காது. அதைச் சொல்லும் பட்டியல் ஒன்று இருக்கிறது. ‘கற்றல் விளைவுகள்’ என்பது அதன் பெயர். கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளை 2017 பிப்ரவரியில் திருத்தியபோது, எட்டாம் வகுப்பு வரை வகுப்புவாரியாக, பாடவாரியாக இதை வரையறுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் அதே ஆண்டில் பட்டியலை வெளியிட்டது.

ஆறாம் வகுப்பில் பெரிய எண்கள், பகா எண்கள், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், செவ்வகத்தின் சுற்றளவும் பரப்பளவும் வருகின்றன. குறை எண்களும் சேர்ந்த முழுக்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரிய வேண்டும். பணம், நீளம், வெப்பநிலை போன்ற அன்றாடக் கணக்குகளில் பின்னத்தையும் தசமத்தையும் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

என்னைக் கேட்டால், உண்மையான சோதனை ஏழாம் வகுப்பில்தான். பின்னங்களைப் பெருக்குவதும் வகுப்பதும் அங்கே வருகின்றன. விடை எழுதினால் மட்டும் போதாது. அந்தச் செயலுக்குப் பொருள் சொல்லத் தெரிய வேண்டும் என்கிறது பட்டியல். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு. ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்ற விதியை மனப்பாடம் செய்த பிள்ளையும் இந்த விடையை எழுதிவிடும். அரை லிட்டர் பாலைக் கால் லிட்டர் குவளையில் எத்தனை முறை ஊற்றலாம் என்பதுதான் கேள்வி என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் அந்த விளைவை எட்டியிருக்கிறது. இந்த வேறுபாடு மதிப்பெண்ணில் தெரியாது. சதவீதம், இலாப நட்டம், தனிவட்டி எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. இங்கே தடுமாறினால் அங்கேயும் தடுமாற்றம்தான்.

எட்டில் விகிதமுறு எண்கள், வர்க்கமூலம், கனமூலம், இயற்கணித முற்றொருமைகள், கூட்டுவட்டி, தள்ளுபடி, நேர்மாறல், எதிர்மாறல், கன அளவு எனப் பட்டியல் நீள்கிறது.

இவற்றை எட்டாத பிள்ளையை என்ன செய்வது? கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு அந்தப் பொறுப்பை ஆசிரியரிடம் தருகிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட வேண்டும். தேவையானால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். “டியூஷன் வையுங்கள்” என்பது அந்தக் கடமைகளில் இல்லை. ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதையே 28ஆவது பிரிவு தடுக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும் நடத்தத் தனி ஆசிரியர், 35 பிள்ளைகளுக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர், ஆண்டுக்கு 220 வேலைநாட்கள் என்பதும் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்திலும் எட்டிலும் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்கள் முடிவெடுக்கலாம். அப்போதும் கூடுதல் பயிற்சியும், இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வும் தந்தாக வேண்டும். தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. எட்டு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்பது தொடர்கிறது. ஆகவே இங்கே ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டதாலேயே எட்டாம் வகுப்புக் கணக்கு வந்துவிட்டது என்று பெற்றோர் எடுத்துக்கொள்ள முடியாது.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது கணக்கு நோட்டையும் கொண்டுபோங்கள். “எத்தனை மார்க்?” என்பதை விட்டுவிட்டு, “இந்த வகுப்புக்கான விளைவுகளில் எவை இன்னும் வரவில்லை, அவற்றுக்கு எப்போது கூடுதலாகச் சொல்லித் தருவீர்கள்?” என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், அரசுப் பள்ளியில் அடுத்துக் கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம்.