வைஃபையா, அருகலையா?

பட்டறை மூலையில் தூசி படிந்த பழைய கணினியைக் காட்டி "இதுல வைஃபை வரலை" என்று யாராவது சொன்னால், எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரிவதில்லை. அலையைப் பிடிக்கும் உறுப்பே கணினிக்குள் இல்லை என்கிறாரா? உறுப்பு இருந்தும் சிக்னல் எட்டவில்லை என்கிறாரா? எல்லாம் சரியாக இருந்தும் இணையப் பக்கம் திறக்கவில்லை என்கிறாரா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்பதன் சுருக்கம்தான் வைஃபை என்று படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது பெயர் பிறந்த பிறகு ஒட்டவைத்த விரிவு.

கம்பியில்லாமல் கணினிகளை இணைப்பதற்கான தரம் 1997-ல் வந்தது. பெயர் 802.11. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல் 802.11பி என்ற அடுத்த வடிவம் வேகத்தை 11 மெகாபிட்டுக்கு உயர்த்தியது. அதே ஆண்டில் கருவி தயாரிப்பாளர்கள் சிலர் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு ஒழுங்காகப் பேசுகிறதா என்று சோதித்து முத்திரை குத்துவது அதன் வேலை. முத்திரையில் 'எண்ணூற்று இரண்டு புள்ளி பதினொன்று பி' என்று போட்டால் யார் வாயில் நுழையும்? எனவே பெயர் சூட்டுவதையே தொழிலாகக் கொண்ட இன்டர்பிராண்ட் நிறுவனத்தை அணுகினார்கள். கிடைத்த பெயர் வை-ஃபை. இசைக் கருவிகளில் புழங்கிய ஹை-ஃபை என்ற சொல்லோடு எதுகை சேர்கிறது, அவ்வளவுதான். பொருளே இல்லாத பெயரை விற்பது கடினம் என்று உறுப்பினர்கள் சிலர் தயங்கியதால், 'வயர்லெஸ் ஃபிடெலிட்டிக்கான தரம்' என்ற வரியைச் சில காலம் விளம்பரத்தில் சேர்த்தார்கள். அந்தக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பெலாஞ்சரே பிற்பாடு இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வரியை எடுத்துவிட்டார்கள், அது பரப்பிய நம்பிக்கை மட்டும் போகவில்லை. கூட்டமைப்பும் 2002-ல் தன் பழைய நீளப் பெயரை விட்டு வைஃபை அலையன்ஸ் ஆனது.

ஆக, ஆங்கிலத்திலேயே பொருள் இல்லாத சொல்லை மொழிபெயர்க்க முடியாது. ஒலிபெயர்க்கலாம். அதிலும் சிக்கல் உண்டு: வைபை, வை-பை, வைஃபை, ஒய்ஃபை என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஆய்தம் குறிலுக்கும் உயிரேறிய வல்லினத்துக்கும் நடுவில் வர வேண்டும் என்பது பழைய இலக்கணம். பட்டறைக்காரர்களுக்கு நெருக்கமான 'எஃகு' இதற்கு அருமையான சான்று. வைஃபையில் ஆய்தத்துக்கு முன்னால் நிற்கும் ஐகாரம் நெடில். விதி அடிபடுகிறது. போகட்டும், ஃபேனையும் ஃபோனையும் விட்டுவிட்ட நாம் இதை மட்டும் பிடித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கம்பியில்லாத் தந்தி' என்று வயர்லெஸ்ஸுக்கு நம்மிடம் பழைய வழக்கு உண்டு. அதை ஒட்டி 'கம்பியில்லா இணைப்பு' என்கிறார்கள். தவறில்லை, ஆனால் செல்பேசி இணைப்பும் ப்ளூடூத்தும்கூடக் கம்பியில்லாதவைதானே. வைஃபைக்கென்று தனியாக நிலைத்து வருவது 'அருகலை'. அருகு என்பதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம், அலை என்னும் சொல்லின் உயிர் வந்ததும் ஓடிவிடுகிறது; அருகு + அலை = அருகலை. அருகில் உள்ள அலை. கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்று உண்டு: பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சேர்த்தால் ஒட்ட வேண்டும். அருகலைத் திசைவி (ரௌட்டர்), அருகலைக் கடவுச்சொல், அருகலை ஏற்பி (கணினியில் அலையைப் பிடிக்கும் உறுப்பு). ஒட்டுகிறது.

சமூக ஊடகங்களில் சுற்றும் கலைச்சொல் பட்டியல்களில் அருகலையோடு பிறந்த எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆன்லைனுக்கு 'இயங்கலை' என்றார்கள். "கணினி இயங்கலை" என்று பட்டறையில் சொல்லிப் பாருங்கள், பழுது பார்க்க ஆள் வந்து நிற்பார். ப்ளூடூத்துக்கு 'ஊடலை', வேற்றுமை உருபு சேர்ந்த ஊடல் மாதிரி கேட்கிறது.

அருகலை மீதும் ஒரு குறை சொல்லலாம். ப்ளூடூத் அலை இன்னும் அருகில் நின்றுவிடுவது, அதற்கல்லவா இந்தப் பெயர் பொருந்தும்? நியாயம்தான். ஆனால் பல கிலோமீட்டர் தாண்டும் செல்பேசிக் கோபுர அலையோடு ஒப்பிட்டால், ஓர் அறை, இரண்டு சுவர் என்று முடிந்துவிடும் இது அருகலைதான்.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது அதன் இரண்டாவது பொருள். அருகுதல் என்றால் குறைதலும்தான். 'அருகி வரும் உயிரினங்கள்' என்கிறோமே, அந்த அருகுதல். வினைத்தொகையாகப் பிரித்தால் அருகலை என்பது அருகும் அலை. உருவாக்கியவர் இதை நினைத்தாரோ இல்லையோ, பட்டறைக்கு இந்தப் பொருள்தான் பொருந்துகிறது. திறந்த வெளியிலேயே தொலைவு இரண்டு மடங்கானால் அலையின் திறன் நான்கில் ஒன்றாகிவிடும். பட்டறையிலோ தகரச் சுவர், இரும்பு அலமாரி, கடைசல் எந்திரம் என்று எங்கும் உலோகம். வைஃபை பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிய உலோகத் தகடு குறுக்கே நின்றால் பெரும்பங்கு அலை திரும்பிவிடும். வைஃபையின் இன்னொரு அலையான 5 ஜிகாஹெர்ட்ஸில் தரவு வேகமாகப் போகும், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது இன்னும் பலவீனம். பழைய கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும் என்பது இந்த ஓர் இடத்தில் இழப்பே இல்லை.

ஏற்பியைக் கணினியின் பின்புறம் செருகுவதுதான் பலரும் செய்யும் தவறு. கணினியின் இரும்புப் பெட்டியே அதற்குத் திரையாகிவிடுகிறது. ஓரிரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, ஏற்பியை மேசைக்கு மேலே உயரத்தில் கட்டிவிடுங்கள். புது ரௌட்டர் வாங்குவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது இது.

அந்த ஏற்பியைப் பேச்சில் டாங்கிள் என்கிறோம். இந்தச் சொல்லுக்கும் ஒரு பொய்க்கதை உண்டு: டான் கால் என்பவர் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது. விளம்பரத்துக்காகக் கட்டிவிட்டது அது. 1980-களில் டாங்கிள் என்றால் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் காக்கும் பூட்டு. பட்டறைக் கணினியில் வரைபட மென்பொருளுக்காக அப்படிப்பட்ட பழைய பூட்டு ஒன்று ஏற்கெனவே செருகியிருக்கலாம். "டாங்கிளைப் பிடுங்கு" என்று சொல்வதற்கு முன் எந்த டாங்கிள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்பியைச் செருகினால் மட்டும் போதாது, டிரைவர் வேண்டும். தமிழில் இயக்கி, நல்ல சொல், வண்டி ஓட்டுநரோடு குழம்பாது. இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையம் வர இயக்கி வேண்டும். வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவதுதான் நேர்வழி. பழைய கணினியில் இருக்கும் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் குறித்துக்கொண்டு போங்கள். சில ஏற்பிகள் செருகியதும் சிடி டிரைவ் போல வேடம் போட்டு நிற்கும். பழுதல்ல, இயக்கி அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் கடவுச்சொல். சரியாக அடித்தும் ஏற்கவில்லை என்றால் அருகலையைக் காக்கும் பூட்டின், அதாவது பாதுகாப்பு முறையின், தலைமுறை மாறியிருக்கலாம். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 முறை விண்டோஸ் 7-க்குத் தெரியாது. திசைவியில் டபிள்யூபிஏ2-வும் 3-ம் சேர்ந்த கலப்பு முறையைத் தேர்ந்தால் பழையதும் புதியதும் இணையும். அதற்காக 2001-லேயே உடைந்துபோன டபிள்யூஇபி பூட்டுக்கு இறங்கிவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணினி என்றால் திசைவியில் உள்ள விருந்தினர் இணைப்பில் (கெஸ்ட் நெட்வொர்க்) தனியாக வைப்பதே என் வழக்கம்.

இவ்வளவும் முடிந்து, சிக்னல் பட்டை முழுதாக நிற்க, இணையப் பக்கம் மட்டும் 'பாதுகாப்பற்றது' என்று அடம்பிடிக்கும். திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் சிஆர்2032 என்ற வட்ட மின்கலம் இருக்கும்; அது தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளம் உண்மையானதுதான் என்று காட்டும், தேதியிட்ட சான்றிதழ் அந்தக் கணினியின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை, எப்படி நம்பும்? தேதியைத் திருத்தி மின்கலத்தை மாற்றினால் பக்கம் திறக்கும். அதுவரை அந்தக் கணினியில் அருகலை இருந்தது. இணையமும் வாசல்வரை வந்திருந்தது. "வைஃபை வரலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் ரௌட்டரைத்தான் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம்.