மேகசின்: கிடங்கா, பெட்டியா, கூடா?

கைத்துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் உலோக உறைக்கு மேகசின் என்று பெயர். தோட்டாக்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அடியிலுள்ள சுருள்வில் அவற்றை ஒவ்வொன்றாக மேலே தள்ளும். துப்பாக்கி பற்றித் தெரியாதவர்களுக்கு மேகசின் என்றால் வார இதழோ மாத இதழோதான். இரண்டும் ஒரே சொல்தான்.

அரபியில் 'கஸன' என்றால் சேமித்து வைத்தல். சேமிக்கும் இடம் 'மக்ஸன்'. வணிகத்தோடு இந்தச் சொல் மத்தியதரைக் கடலைக் கடந்து இத்தாலியில் 'மகட்ஸீனோ' ஆனது. பிரெஞ்சில் 'மகஸான்' ஆகி, இன்று அங்கே கடையைக் குறிக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்தபோது பொருள் பண்டகசாலை, குறிப்பாக வெடிமருந்துக் கிடங்கு. லண்டனில் 1731-இல் எட்வர்ட் கேவ் தொடங்கிய இதழ் தன்னை எழுத்துகளின் கிடங்காகக் கருதி இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. நெற்களஞ்சியம் தமிழில் கலைக்களஞ்சியம் ஆனதும் இதே வழியில்தான். அதே அரபு வேரிலிருந்து இன்னொரு சொல் பாரசீகம் வழியாக நம்மிடம் முன்பே வந்து குடியேறிவிட்டது: கஜானா. அரசு கஜானா காலி என்று தலைப்பிடும் நாளிதழ், மேகசினின் உடன்பிறப்பைத்தான் அச்சிடுகிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? வெடிமருந்துக் கிடங்கு என்பது கட்டடத்துக்குப் பொருந்தும். உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்கு நகைப்பாக இருக்கும். தோட்டாப் பெட்டி என்றால் கடையில் தோட்டா விற்கும் அட்டைப்பெட்டியோ என்ற ஐயம் வரும். மேலும், எல்லா மேகசினும் பெட்டி வடிவில் இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் 1869-ஆம் ஆண்டு வெட்டர்லி ரைஃபிளில் அது குழாயின் கீழே நீளமாக ஓடும் இன்னொரு குழாய். தோட்டாக் கொள்கலம் பிழையில்லை, ஆனால் வாயில் நிற்காது. இலங்கைத் தமிழில் தோட்டாவை ரவை என்பார்கள். மேகசின் அங்கே ரவைக்கூடு. செய்திகளில் புழங்கும் சொல். உறை, உள்ளே இருப்பதைக் காப்பது, காலியானால் வெறுங்கூடு என எல்லாப் பொருளும் அதில் அடங்கிவிடுகின்றன. என் ஓட்டு அதற்கே. தமிழ்நாட்டு வாசகருக்கு ரவை என்றதும் உப்புமா நினைவுக்கு வருமானால் தோட்டாக்கூடு என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டின் மேல் இருக்கும் குறிகளுக்கும் பெயர் வேண்டும். சுவிட்சர்லாந்து ராணுவத்தின் பழைய கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் இந்தக் குறிகளைக் கூர்ந்து பார்ப்பதற்குக் காரணம் எளிது: கழற்றக்கூடிய பாகம் என்பதால் கூடு துப்பாக்கியை விட்டுப் பிரிந்து, வேறொன்றோடு சேர்ந்துவிடும். லூகர் கைத்துப்பாக்கியை ராணுவத்துக்கு ஏற்ற முதல் நாடு சுவிட்சர்லாந்து, ஆண்டு 1900. அதன் கூட்டில் 7.65 மி.மீ. தோட்டாக்கள் எட்டு. தொடக்கத்தில் பெர்லினின் டி.டபிள்யூ.எம். நிறுவனம் செய்துகொடுத்தது. முதல் உலகப் போரால் அந்த வரத்து நின்றுபோக, பெர்ன் நகரிலிருந்த அரசு ஆயுத ஆலை தானே தயாரிப்பில் இறங்கியது. செலவைக் குறைத்து எளிமையாக்கிய வடிவம் 1929-இல் வந்தது. 1949-இல் சுவிட்சர்லாந்தின் நொய்ஹவுசன் ஊரிலுள்ள சிக் நிறுவனம் செய்த 9 மி.மீ. கைத்துப்பாக்கி லூகரின் இடத்தைப் பிடித்தது.

ஆக, கூட்டில் தேட வேண்டிய பெயர்கள் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெர்லினிலிருந்து வந்த தொடக்கக் காலக் கூடுகள் பலவற்றில் ஆலையின் பெயரே கிடையாது. நிக்கல் பூசிய உடல், வட்டத்துக்குள் வட்டமாகச் செதுக்கிய மரத்தாலான அடிக்கட்டை ஆகியவற்றை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். 1929 வடிவத்தின் முதல் துப்பாக்கிகளில் அடிக்கட்டை செம்பழுப்பு நிற பிளாஸ்டிக்; பின்னால் கறுப்பு. எழுத்து இல்லாத இடத்தில் பொருளே சாட்சி சொல்கிறது.

எழுத்து இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. பெர்ன் ஆலையின் குறியில் ஜெர்மன் மொழியில் ஆயுத ஆலை என்பதன் சுருக்கமாக டபிள்யூ, எஃப் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். நடுவே கூட்டல் குறி போல் ஒரு சிலுவை. இது செய்தவர் முத்திரை. சுவிஸ் ஆயுதங்களில் ஓர் எழுத்தின் தலைமேல் சிறு சிலுவை நிற்பது ஆய்வு முத்திரை. அந்த எழுத்து சோதித்து ஏற்ற அதிகாரியின் பெயரின் முதலெழுத்து. தனித்து நிற்கும் பி என்ற எழுத்து மூன்றாம் வகை: துப்பாக்கி ராணுவத்திலிருந்து தனியார் உடைமையாக மாறியதற்கான குறி. சிலுவையைக் கண்டதும் பெர்ன் ஆலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெர்லினில் செய்து சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிய லூகர்களின் மேலும் சிலுவை உண்டு, ஏனென்றால் அது வாங்கிய நாட்டின் சின்னம்.

முத்திரை வடமொழியிலிருந்து வந்த சொல்; மாற்றாகப் பொறி என்று எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். புலிப்பொறி, கயற்பொறி என்று அழகாகப் புழங்கியதுதான். ஆனால் இன்றைய தமிழில் பொறி என்றால் இயந்திரம், எலி பிடிக்கும் கருவி, தீப்பொறி என்று பல பக்கம் இழுக்கும். துப்பாக்கியைப் பற்றிய கட்டுரையில் இந்தக் குழப்பம் வேண்டாம். பெயர்ச்சொல்லாக முத்திரையும், வினையாகப் பொறித்தலும் போதும்: கூட்டின் மேல் பொறித்த முத்திரை.